ஊதாத சங்கு

வியாழன் இரவு.

இன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

கோத்தா கோலா மூடா ஆற்றங்கரையில் வெள்ள எச்சரிக்கைச் சங்கை இயக்கும் சின்ன லினக்ஸ் கணினிக்குப் புது மென்பொருள் ஏற்றப் போனேன். சங்கை ஊதவைக்கும் துணைக்கோப்பான ஒரு லைப்ரரி சரியில்லை என்று பாதியில் நின்றுவிட்டது. தேடினால், அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறது; உள்ளே ஒன்றுமே இல்லை. பழைய மென்பொருள் பெயரை மட்டும் பார்த்துவிட்டு இத்தனை நாளும் பச்சை விளக்கை எரித்திருக்கிறது.

கருவியைப் பொருத்திய சேகர் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். சிரித்தார்.

"அந்த வெத்துக் கோப்ப நான்தாம்மா வெச்சேன். அன்னிக்கே ஒப்படைக்கணும், சரியானத இறக்க இன்டர்நெட் லைனும் இல்ல. பச்ச லைட்டு எரியுதுல்ல? விடு லா."

"தண்ணி ஏறுனா சங்கு ஊதாதே, அண்ணே!"

"இதுவரைக்கும் ஏறலயே."

ஃபோனை வைத்துவிட்டேன். சரியான லைப்ரரியையும், அது கேட்ட இன்னும் மூன்றையும் இறக்கி ஏற்ற மதியமாகிவிட்டது. பிறகு சோதனைக்குச் சங்கை ஒருமுறை ஊதவிட்டேன். எதிரே மீன் விற்கும் அக்கா காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னம்மா சத்தம் இது? ரெண்டு வருசமா இந்தச் சங்குக் கம்பத்துக்கிட்டதான் கெடக்கேன், ஒரு நாளும் கேட்டதில்லையே!"

"சும்மா சோதனைதான், அக்கா" என்றேன். மாதாமாதம் வந்து, பச்சை விளக்கை மட்டும் பார்த்து, 'நன்றாக இயங்குகிறது' என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான். ஒருமுறைகூட ஊதிப் பார்க்கவில்லை.

அறிக்கையில் அண்ணனின் பெயரை எழுதிவிட்டேன். அது சுலபமாக வந்தது. என் பெயரை எழுதத்தான் இவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.