பாலத்தில் வேலை நடக்கும் வாரங்கள்

மார்ச் 7, வெள்ளி

அன்பு வாயாடிக்கு,

பெட்டி வந்ததும் பாட்டில்களை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் பிரிப்பாய் என்று தெரியும். ஓடைக்கரையில் போனுக்கு சிக்னல் கிடைக்காததும் ஒரு விதத்தில் நல்லதுதான். நாம் போனில் பேசினால் பக்கத்து அறையிலிருந்து உன் அண்ணன்தான் பதில் சொல்வார்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணனுக்கு முட்டிவலி. ஆபீசில் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு வந்து, வீட்டில் என் பேச்சில் எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிறார்.

இனி வேலை. நான் அனுப்பும் சுத்தத் தண்ணீரைக் கரையில் திறந்து, இன்னொரு பாட்டிலில் ஊற்றி, ஓடைத் தண்ணீர் பாட்டில்களோடு சேர்த்துத் திருப்பி அனுப்புகிறாயே, அந்த பிளாங்கில் எதுவுமே இருக்கக்கூடாது. ஆனால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அதில் அம்மோனியா காட்டுகிறது. முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஆய்வகத்தில் தரை துடைக்கும் மருந்து மூக்கைத் துளைக்கும். அதை நிறுத்தினேன். பாட்டில்களை மறுபடி கழுவினேன். இங்கேயே ஊற்றி இங்கேயே சோதித்தால் சுத்தமாக இருக்கிறது. உன்னிடம் போய் வந்தால் கெட்டுப்போகிறது.

கெட்ட வாரங்களில் பெட்டியை ஏற்றி வரும் பஸ் சுற்றிக்கொண்டு வருகிறது. பெட்டி தாமதமாகக் கிடைக்கிறது, ஐஸும் உருகிவிடுகிறது. வழியில்தான் ஏதாவது ஆகிறதா என்று பார்க்க, ஒரு பாட்டிலில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். அதை மட்டும் திறக்காதே. சும்மா ஊர் சுற்றிவிட்டு வரட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 11, செவ்வாய்

அண்ணிக்கு,

வெறும் தண்ணீரை அங்கிருந்து அனுப்புவீர்கள். நான் அதை ஓடைக்குக் கூட்டிப்போய், வெளியே எடுத்துக் காற்றுக் காட்டி, அலுங்காமல் ஐஸ் மேல் உட்காரவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மாமியார் வீட்டுக்கு வரும் புது மாப்பிள்ளைக்குக்கூட இந்த மரியாதை கிடையாது. சிவப்பு டேப்காரரைத் திறக்கவில்லை. ஜன்னலோர சீட் கேட்டார், கண்டக்டர் தரவில்லை.

என் அறையில் மேற்கு மூலை ஒழுகுவது நிற்கவில்லை. பூட்ஸில் இடது கால் ஓட்டை வழியாக ஓடை உள்ளே வந்து குசலம் விசாரிக்கிறது. கிளவுஸ் ஒரு பெட்டி கேட்டு நீங்கள் எழுதினீர்களே, ஒரே ஒரு ஜோடி வந்தது. கழுவிக் கழுவிப் போட்டுக்கொள்கிறேன். எங்கள் தண்ணீரில் தோல் ஆலை என்ன கலக்கிறது என்று கண்டுபிடிக்கத்தானே இந்த ஆபீஸ்? அந்தத் தண்ணீருக்குள் இறங்குகிறவளுக்கு மட்டும் கால், கை எதுவும் கிடையாதா?

மற்றபடி சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். சும்மாதான்.

அண்ணன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள்,
வாயாடி

மார்ச் 14, வெள்ளி

அன்பு வாயாடிக்கு,

சிவப்பு டேப்காரர் சுத்தமாகத் திரும்பினார். அதே பெட்டியில் வந்த, நீ திறந்த பிளாங்கில் அம்மோனியா. ஆக பஸ் மேலும் ஐஸ் மேலும் குற்றமில்லை. மூடி திறக்கும் இடத்தில்தான் ஏதோ நடக்கிறது.

நேரமும் சரியில்லை. தோல் ஆலையின் வக்கீல் எழுதியிருக்கிறார். சுத்தத் தண்ணீரிலேயே அம்மோனியா காட்டும் ஆய்வகத்தின் எண்களை வைத்து தங்கள் கழிவைக் குற்றம் சொல்லக் கூடாதாம், இந்த ஆண்டு முடிவுகள் எல்லாவற்றையும் தள்ள வேண்டுமாம். நம் ஏசி சார், அதுதான், கருவிகளுக்கு வாங்கிய ஏசியைத் தன் அறையில் மாட்டிக்கொண்டாரே அந்த மகான், உடனே தலையாட்டத் தயார். "காண்ட்ராக்ட்ல இருக்கிற பொம்பளை கவனக்குறைவா இருந்திருக்கா. அவளை நிறுத்திட்டா முடிஞ்சது" என்கிறார். யாருக்கு முடிந்தது? ஆலைக்கு முடிந்தது. அவருக்கு முடிந்தது. உனக்கு வேலை போகும், கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் குடித்துக்கொண்டே இருப்பார்கள். எங்கிருந்து கெடுகிறது என்று ஏப்ரல் முதல் வாரத்துக்குள் நான் காட்டியாக வேண்டும்.

பாலத்தில் வேலை நடக்கும் வாரங்களில்தான் பஸ் சுற்றி வருகிறது என்று கண்டக்டர் சொன்னார். பிளாங்க் கெடுவதும் சரியாக அதே வாரங்களில். அதனால் அந்தப் பாலம் விஷயத்தை ஒன்றும் மறைக்காமல் எழுது. யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், உனக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார்கள், எல்லாம் வேண்டும்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 18, செவ்வாய்

அண்ணிக்கு,

கண்டக்டர் சொன்னாரா? அந்த ஆளுக்கு டிக்கெட் கிழிப்பதோடு நிற்காதா?

மறைக்காமல் எழுத வேண்டும், அவ்வளவுதானே? எழுதுகிறேன். பாலம் பழுதுபார்க்கிற மேஸ்திரி. மனைவி இறந்துபோனவர். ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் வேறு பாலத்தில் வேலை. எவ்வளவு நேரம் என்றால், சாப்பாட்டு நேரம். எவ்வளவு பக்கத்தில் என்றால், ஒரே கல்லில் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவு பக்கத்தில். போதுமா? ஸ்கேல் வைத்து அளந்து அனுப்பட்டுமா?

நான் புருஷன் வீட்டை விட்டு வெளியே வந்த நாளில் அண்ணன் என்ன சொன்னார் என்று உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். "இன்னொரு தடவை உனக்காக நாலு பேர் முன்னால என்னால நிக்க முடியாது" என்றார். நானும் யாரையும் நிற்கச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு வந்து இந்த ஒழுகுகிற அறையில் தனியாக இருக்கிறேன். முப்பத்தொன்பது வயதில் ஒருத்தர் என்னிடம் "நீங்க சிரிச்சா மேல பாலம் வரைக்கும் கேட்குது" என்று சொன்னார். அதற்காக அவர் வருகிற வாரம் காதோர நரைக்கு டை அடித்துக்கொள்கிறேன். இருப்பதில் நல்ல துணியாக உடுத்திக்கொள்கிறேன். அதுவும் ஆபீஸ் குற்றமா?

அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள். நீங்களும் வேவு பார்ப்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

பாட்டில்கள் எல்லாம் இருக்கின்றன. எண்ணிக்கொள்ளுங்கள்.

நாத்தனார்

மார்ச் 21, வெள்ளி

அடி என் மண்டூகமே,

பாலத்தில் பெயின்ட் அடிக்கிறார்களா, சிமென்ட் மருந்து ஏதாவது கலக்கிறார்களா, அந்தத் தூசி உன் பாட்டிலில் விழுகிறதா என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். மேஸ்திரி என்று ஒருத்தர் இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். கண்டக்டர் பாவம், ரூட் மாறுவதைத்தான் சொன்னார்.

உன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் கடிதத்தை நின்றபடியே இரண்டு முறை படித்தேன். முதல் முறை அழுகை வந்தது. இரண்டாவது முறை சிரித்துவிட்டேன், உன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "வேலை விஷயம்" என்றேன். பொய்யும் இல்லை.

உனக்கு ஒருத்தர் இருப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று விவரமாக எழுத இன்னொரு நாள் உட்காருகிறேன். இன்று ஒரே ஒரு கேள்வி. வெட்கப்படாமல் பதில் எழுது.

டை அடிக்கும்போது கையில் என்ன போட்டுக்கொள்கிறாய்?

அண்ணி

மார்ச் 25, செவ்வாய்

அண்ணி,

ஆபீஸ் கிளவுஸ்தான். வேறு எது இருக்கிறது?

எழுதி முடித்ததும் எனக்கே புரிந்துவிட்டது. காலையில் டை அடித்துவிட்டு, கிளவுஸை ஒரு அலசு அலசி, அதே கையோடு ஓடைக்குப் போகிறேன். விரல் நுனியெல்லாம் கறுத்துத்தான் இருக்கும். அந்த டையைத் திறந்தால் கண் எரியும், அது அம்மோனியா என்று ஒரு நாளும் தோன்றவில்லை. போன கடிதத்தை மன்னித்துவிடுங்கள். இல்லை, மன்னிக்க வேண்டாம், மறந்துவிடுங்கள், அதுதான் எனக்கு வசதி.

இதுவும் அவர் வருகிற வாரம்தான். டை அடிக்கவில்லை. இரண்டு காதோரமும் வெள்ளையாகப் போய் நின்றேன். ஏன் ஒரு மாதிரி இருக்கிறேன் என்று கேட்டார். வேலையில் ஒரு சிக்கல் என்றேன். தலையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. கவனிக்கவில்லையா, கவனித்தும் சொல்லவில்லையா? இதைச் சோதிக்க உங்களிடம் கருவி இருக்கிறதா?

வேலை போய்விடுமா அண்ணி?

வாயாடி

மார்ச் 28, வெள்ளி

அன்பு வாயாடிக்கு,

இந்தப் பெட்டியில் மூன்று பிளாங்க் இருக்கிறது. ஒன்றை நான் அனுப்பும் புது கிளவுஸ் போட்டுத் திற. இன்னொன்றை, அன்று காலை வழக்கம்போல டையில் தொட்டு அலசிய பழைய கிளவுஸ் போட்டுத் திற. மூன்றாவதை நன்றாகக் கழுவிய வெறுங்கையால் திற. எது எது என்று எனக்குச் சொல்லாதே. எண் மட்டும் போடு. எந்த எண் எந்தக் கை என்று ஒரு தாளில் எழுதி ஒட்டி அனுப்பு, சோதித்து முடித்த பிறகு பிரிக்கிறேன். உன் மேல் பாசத்தில் நான் எண்ணை மாற்றினேன் என்று எந்த வக்கீலும் சொல்லக் கூடாது.

நாம் நினைத்தபடியே வந்தால் ஆண்டு முடிவுகள் பெரும்பாலும் நிற்கும். கிளவுஸால் வரும் அம்மோனியா கொஞ்சம்தான். ஆலைக்குக் கீழே நீ எடுத்த தண்ணீரில் இருப்பது அதைப்போல் இருபது மடங்கு. அதை எந்த டையாலும் காட்ட முடியாது. ஆலைக்கு மேலே, நல்ல தண்ணீரில், அந்த வாரங்களில் எடுத்த எண்களை மட்டும் அடித்துவிட வேண்டும். அது நியாயம்தான், அடித்துவிடுவோம்.

ஆனால் எங்கிருந்து வந்தது என்று நீ எழுத்தில் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். "வீட்டு உபயோகப் பொருள்" என்று பூசி மெழுகலாமா என்று யோசித்தேன். என்ன பொருள் என்று வக்கீல் கேட்பார், நாம் மறைக்கிறோம் என்பார், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீசிலிருந்து எந்த அறிக்கையும் உன் அண்ணன் விரல் படாமல் வெளியே போகாது.

யோசித்து எழுது. நீ வேண்டாம் என்றால் நான் வேறு வழி தேடுகிறேன். கோபப்பட மாட்டேன்.

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 1, செவ்வாய்

அண்ணிக்கு,

ஆக, நான் டை அடித்ததை அண்ணன் டைப் அடிக்கப் போகிறார்.

இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் நாத்தனார் தலை நரைத்தது ஆலை வக்கீலுக்கெல்லாம் தெரிய வேண்டுமா என்று ஆத்திரமாக வந்தது. நான் அடித்த டை கொஞ்சூண்டு, அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். ஆலைக்காரன் குழாய் குழாயாக விடுகிறான், அவன் எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லை. பிறகு நேற்று ஆலைக்குக் கீழே தண்ணீர் எடுக்கப் போனேன். ஒரு பெண் குடத்தோடு நின்றாள். என் பெட்டியைப் பார்த்து, "இது குடிக்கலாமா?" என்று கேட்டாள். "குடிக்காதீங்க" என்றேன். "எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள்.

வாக்குமூலம் இதோடு இருக்கிறது. "தலைமுடிச் சாயம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். யாரும் சிரமப்பட்டுப் படிக்க வேண்டாம். அதற்கு அடுத்த வரியில், ஆண்டு முழுவதற்கும் ஒரே ஒரு ஜோடி கிளவுஸ்தான் கொடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறேன். அந்த வரியை எடுத்தால் முந்தின வரியையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். சேர்ந்துதான் போக வேண்டும்.

மேஸ்திரியைப் பற்றி அதில் எழுதவில்லை. அவர் என்ன ரசாயனமா?

மூன்று பாட்டிலும் இருக்கிறது.

உங்கள்,
வாயாடி

ஏப்ரல் 4, வெள்ளி

அன்பு வாயாடிக்கு,

இரண்டாம் எண். மற்ற இரண்டும் சுத்தம். உன் தாளைப் பிரித்தேன், இரண்டுதான் டை கிளவுஸ். அளவும் கெட்ட வாரங்களில் வந்த அதே அளவு. கூட யாரும் இல்லாததால் கருவியைத் தட்டிக் கொடுத்தேன்.

ஏசி சார் உன் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு நாற்காலி குலுங்கச் சிரித்தார். "இதைப் போய் அனுப்புறதா? சிரிப்பாங்க" என்றார். "சிரிக்கட்டும் சார், சிரிச்சு முடிச்சதும் எண்ணைப் பார்ப்பாங்க" என்றேன். அடுத்து கிளவுஸ் வரிக்கு வந்தார். சிரிப்பு நின்றது. உன் அண்ணனைக் கூப்பிட்டு, "அந்த வரியை எடுத்துடுப்பா" என்றார். இத்தனை வருடத்தில் ஒரு மேலதிகாரி முன் "இல்லை" என்று சொன்ன ஆள் இல்லை உன் அண்ணன். "அடிச்சாச்சு சார். எடுத்தா எல்லா பக்கமும் மாறிடும்" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சார் கையெழுத்துப் போட்டார். அறிக்கை நேற்றே போய்விட்டது. உன்னை நிறுத்தும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. கிளவுஸ் ஒரு பெட்டி இதில் இருக்கிறது. நான் இரண்டு கேட்டேன்.

அதற்கு முந்தின நாள் உன் அண்ணன் டைப் அடித்ததைச் சொல்ல வேண்டும். விரல்கள் குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. "தலைமுடிச் சாயம்" என்ற வார்த்தையில் நின்றன.

"அவளுக்கு நரைச்சிடுச்சா?"

"உங்களுக்கு இல்லையா?"

"எனக்கு சரி. அவளுக்கு?"

மறுபடி அடிக்க ஆரம்பித்தார். வரி முடிந்ததும் திரும்பாமலேயே கேட்டார்:

"அங்க யாரு இருக்கா, இவ தலையைப் பார்க்க?"

"போய்ப் பாருங்க" என்றேன்.

அதனால் இந்தத் தடவை பெட்டி பஸ்ஸில் தனியாக வரவில்லை. இந்தக் கடிதம் பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டி உன் அண்ணன் மடியில் இருக்கிறது. பயப்படாதே, உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். செவ்வாய் வரை லீவு போட்டிருக்கிறார். முட்டிவலி மாத்திரை சட்டைப் பையில்.

என்றும்,
உன் அண்ணி

ஏப்ரல் 8, செவ்வாய்

அண்ணிக்கு,

பெட்டியோடு உங்கள் வீட்டுக்காரரையும் திருப்பி அனுப்புகிறேன். இரண்டும் உடையாமல் வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கியதும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் காதோரத்தைத்தான் பார்த்தார். பிறகு ஒழுகும் மூலையைப் பார்த்தார். பூட்ஸ் ஓட்டையில் விரல் விட்டுப் பார்த்தார். ஞாயிறு முழுக்கக் கூரைமேல் ஏறி என்னவோ செய்தார். இப்போது வேறு மூலையில் ஒழுகுகிறது.

இன்று காலை அவரையும் ஓடைக்குக் கூட்டிப்போனேன். பிளாங்க் திறக்கும்போது தள்ளி நிற்கச் சொன்னேன், நின்றார். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி கீழே இறங்கி வந்தார். நான் பாட்டிலும் கையுமாக இருந்தேன், வாயைத் திறக்க முடியவில்லை. என் ஆயுசில் நான் பேசாமல் இருந்த ஒரே நேரம் அதுதான் என்று நினைக்கிறேன். மேஸ்திரி என் தலையையும் அண்ணன் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரே மாதிரி நரை" என்றார். கவனித்துத்தான் இருந்திருக்கிறார், பாருங்கள்.

அண்ணன் மேலே பாலத்தைப் பார்த்தார்.

"தாங்குமா?" என்றார்.

"நடந்து பாருங்க சார்."

நடந்தார். நொண்டி நொண்டி நடுப்பாலம் வரை போய், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மேஸ்திரி இரண்டடி பின்னால் நின்றார். தண்ணீர்ச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. திரும்பி வரும்போது அண்ணன் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"என்னை சார்னு கூப்பிடாதீங்க."

வேறு எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்கு இடம் இல்லாமல் நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

உங்கள்,
வாயாடி