மூக்கம்மா திறக்காத கேட்

குன்னூர்

அன்பு மகன் பொன்ராஜுக்கு அப்பா எழுதுவது. இங்கே குளிரைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பிலாஸ்பூர் வெயிலில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். ரயில் என்ஜின் ஓட்டுகிறவன், நிறையத் தண்ணீர் குடி. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன் தங்கை உலகம்மாளைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியிலிருந்து வந்தார்கள். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, ரயில்வே கேட்டில் டியூட்டி. நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர்கள் வேனிலேயே ஏறி வழிகாட்டி வந்தால், வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் கேட் மூடிக் கிடக்கிறது. மேகம் இறங்கித் தண்டவாளமே தெரியவில்லை, வண்டிச் சத்தமும் இல்லை. ராகுகாலம் பிறப்பதற்குள் படியேற வேண்டுமே என்று மாப்பிள்ளையின் அப்பா சின்னராஜ் தவித்தார். கேட்ல நம்ம ஊட்டம்மாதானுங்க என்று பெருமையடித்துக்கொண்டு இறங்கிப் போய், சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்திருக்காங்க, கொஞ்சம் திற என்றேன். அவள் கொடியைச் சுருட்டிப் பிடித்தபடி, ஏனுங்க, மூடிட்டேன்னு ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சுங்க, இனி வண்டி போனாத்தான் திறக்கோணும், அதான் ரூல் என்றாள். யாருக்குடி தெரியப்போவுது என்று கத்தினேன். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, வண்டி வரும் திசையையே பார்த்தாள். ராகுகாலமும் பிறந்தது. பொண்ணு பாக்க வந்தவங்களை நடுரோட்டுல நிறுத்தற ஊட்டுச் சம்பந்தம் நமக்கு வேண்டாமுங்க என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்ல, வேன் திரும்பியது. அது வளைவைத் தாண்டுவதற்குள் மேகத்துக்குள்ளிருந்து ஊட்டி வண்டி வந்தது, அம்மா பச்சைக்கொடி காட்டினாள்.

பட்டுப்புடவையோடு காத்திருந்த உலகுதான் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனாள். அடுத்த மாப்பிள்ளையாவது கேட்டுக்கு இந்தப் பக்கமாப் பாருங்கப்பா என்கிறாள், வாயாடி. கோத்தகிரிக்காரர்கள் முடிவாகவே வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான். அம்மா டியூட்டி முடிந்து வந்ததும் சண்டைக்குப் போனேன். அவள் சாவகாசமாகச் சொன்னாள், நம்ம பொன்ராஜு ஓட்டற வழியிலயும் எவளோ ஒருத்தி கேட்டை மூடிட்டு நிப்பாளுங்க, அவ புருசனும் வந்து இப்படித்தானே கேப்பான். நான் போய் அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். இப்போது நம் பேக்கரிக்கு வருகிறவர்களிடமெல்லாம், கட்டின புருசனுக்கே கேட் திறக்காதவள் என் பெண்டாட்டி மூக்கம்மா என்று நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெருமையாக இருக்கிறதடா.

நீ ஏறும் வண்டியெல்லாம் சேதமில்லாமல் ஊர் சேரட்டும், நீண்ட ஆயுசோடு இரு. கேட் வருமுன் ஹாரன் அடிக்க மறக்காதே. கடக்கும்போது அங்கே கொடியோடு நிற்கிறவருக்கு ஒரு கை காட்டு. அவர் வீட்டில் அன்றைக்கு என்ன சண்டையோ.

உன் அப்பா,
இசக்கிமுத்து