ஷேர் ஆட்டோ வீடியோவில் தெரியாத பை

தர்ஷினி அம்மாவுக்கு,

தாம்பரம் ஷேர் ஆட்டோவில் நான் கத்திய வீடியோவைச் சம்பந்தி வீடே பார்த்துவிட்டது, வளைகாப்புக்கு வராதீர்கள் என்றாய். நியாயம்தான். அந்த மூஞ்சியை நானே வீட்டுக்குள் விடமாட்டேன்.

ஏன் கத்தினீர்கள் என்று போனில் கேட்டபோது பக்கத்தில் தர்ஷினி இருந்தாள். அதனால்தான் சொல்லவில்லை. அவளுக்கு வாங்கிய வளையல் பையின் மேல் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். "இன்னா சார், ஒரு பைக்கா இவ்ளோ சவுண்டு?" என்றார். எருமை என்றேன். அது என் தப்புதான். ஆனால் மாசமாக இருக்கும் பெண்ணின் காதில் விழும்படி வளையல் உடைந்தது என்று எப்படிச் சொல்வது?

இத்துடன் புது வளையல் இருக்கிறது. கடிதத்தைக் கிழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் நிற்பேன், கூப்பிட்டால் வருகிறேன். அவள் கேட்டால், அப்பா சும்மாதான் கத்தினார் என்று சொல்.

இப்படிக்கு,
ஊரே பார்த்த உன் வீட்டுக்காரன்