குழிக்குள் படுக்கப்போவது நான்தான்

எய்விந்துர்,

தூங்குகிறாய், எழுப்பவில்லை. ஆட்டுக்கறி சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. வெந்நீர்க் குழாயைப் பார்க்க அகுரெய்ரி நகரத்திலிருந்து ஆள் வருவார், கதவைத் திறந்துவிடு. உன் கம்பளிக் காலுறையை எடுத்துக்கொண்டேன், தேடாதே.

உட்கார முடியவில்லை. கையுறை பையில்தான் இருக்கிறது, இருந்தாலும் திறந்து திறந்து பார்க்கிறேன்.

ராத்திரி நீ கத்தியது இன்னும் காதில் நிற்கிறது. "பனிக்குள்ள போய்ப் படுக்க ஊர்ல வேற ஆளே இல்லையா?" ஆட்கள் இருக்கிறார்கள். பனியில் புதைந்தவர்களை மோப்பம் பிடிக்க மீட்புக்குழுவின் நாயைப் பழக்க யாராவது குழிக்குள் படுத்துத்தான் ஆகவேண்டும். நானே கேட்டு வாங்கினேன். ஏன் என்று நீ கேட்கவில்லை.

போன குளிர்காலத்தில் பனிச்சரிவு உன்னை மூடியபோது, நான் மேலே நின்று நீளக் கம்பியால் குத்திக் குத்தித் தேடினேன். உள்ளே எப்படி இருந்தது என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "கார் மேல பனி கெடக்கு, வழிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போய்விடுவாய். நீ சொல்லாததை நானே படுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்டெய்னுன்

பி.கு. குழாய்க்காரருக்குக் காபி கொடு.

இன்னொன்று. பூட்ஸ் மாட்டும்போது அறைக்குள்ளிருந்து உன் குரல் கேட்டது. "உள்ள கண்ணைத் தெறந்து வைக்காத. தெறந்தா இருட்டு ரொம்பப் பெருசாயிடும். மூடிக்கோ." அப்படியானால் நீ தூங்கவேயில்லை.

சரி, மூடிக்கொள்கிறேன். மேலே 'தூங்குகிறாய்' என்று எழுதியதை அடித்துத் திருத்த நேரமில்லை, வண்டி வந்துவிட்டது. மீதியைச் சாயங்காலம் சொல். எழுந்து போகாமல் சொல்.