அப்பா அவித்த பட்டு

அன்பு மகள் ஜோலீனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் நானும் உன் தம்பி பிரையனும் சுகம், ஸ்காட்லாந்துக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். அப்பாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசலாம் என்றால் ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் இதை எழுதி, பிரையனிடம் சொல்லிக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

அவருடைய சர்க்கரைப் புண்ணால் கால் பெருவிரல் கறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் விரலை எடுக்காவிட்டால் பாதமே போகும் என்கிறார் டாக்டர். உன் அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். எல்லாம் கிறிஸ்துமசுக்கு வந்தபோது நீ காட்டிய உன் ஆராய்ச்சிக்கூட வீடியோவால் வந்த வினை. பட்டுக்கூட்டைச் சோடா உப்புப் போட்டு அவித்துப் பசையை எடுத்து, பிறகு கரைத்தால் அதிலுள்ள புரதம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அகர் அகர் ஜெல்லி மாதிரி உறையும், புண்ணில் வைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு புதுச்சதை வளரும் என்றாயே. எஸ்டேட் ஆலையில் ரப்பர் பாலுக்கு ஆசிட் ஊற்றி உறைய வைத்தே காலம் தள்ளியவருக்கு அது போதாதா. இதுல என்னலா இருக்கு, பால் உறையிற மாதிரிதானே என்று, நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து என் கல்யாணப் பட்டுச் சேலையைச் சோடா உப்புப் போட்டு அவித்து வினிகரும் ஊற்றியிருக்கிறார். கரைந்தால்தானே உறைவதற்கு. நைந்துபோன துணியை விரலில் சுற்றிக் கட்டிக்கொண்டு என்னிடம் மூச்சு விடவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் அவிழ்த்துப் பார்த்தேன். கோபத்தில் கத்தினேன், பிறகு அந்தக் காலைப் பார்த்து அழுதுவிட்டேன்.

இப்போதும், மகள் அசல் மருந்தோடு வருவாள், அதுவரை யாரும் கத்தி வைக்கக் கூடாது என்கிறார். பாசிர் பெனம்பாங் மீன்கடை வரைக்கும் பெருமை பேசி வைத்திருக்கிறார். அந்த மருந்து மனிதருக்கு வர இன்னும் வருஷங்கள் ஆகும் என்று என்னிடம் சொன்ன நீ அவரிடம் சொல்லவில்லை. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து விட்டுவிட்டாய், எனக்குத் தெரியும். எனக்கும் பயமாக இருக்கிறது மா. ஆனால் நான் சொன்னால் நம்ப மாட்டார், நீதான் சொல்ல வேண்டும். எலிக்குப் போட்டுப் பார்த்த கதையை எடுக்காதே, எலிக்கு ஆறினது எனக்கு ஆறாதா என்பார். என் மருந்து உங்களுக்கு உதவாது அப்பா, விரலை எடுக்க விடுங்கள் என்று நேராகச் சொல்லு. அவர் அழுதாலும் போனை வைத்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. சேலைக்காக வருத்தப்படாதே. ஆண்டவரும் மாதாவும் உனக்குத் துணையிருக்கட்டும். நாளை இரவு கூப்பிட மறக்காதே, அவர் இப்போதே போனைச் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறார்.

உன்னையே நம்பியிருக்கும்
அம்மா மவுரீன்
கோலசிலாங்கூர்