இரும்பு மேடையில் நின்றவர்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
ஜூலை 9

அன்புத் தங்கை சுஜாவுக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி பிரேமாவும் இருக்கிறோம். நீயும் ஸ்நேகாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று பிரேமா தினமும் கேட்கிறாள், ஏதோ எனக்குத் தெரியும் என்பதுபோல.

ஸ்நேகாவின் டி.சி. வாங்கித் தனியாக ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். வள்ளியூர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்துக்குக் கொஞ்சம் திணறுவாள், திட்டவேண்டாம் என்று இங்கே அவளுடைய பழைய டீச்சர் சொல்லச் சொன்னார். பேச்சில் மலையாளம் கலந்தால் பிள்ளைகள் சிரிக்கிறார்களாமே? கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

மாப்பிள்ளை நிற்கிற அந்த ஆலைப் படத்தைப் பெரிதாகப் போட்டு அனுப்பும்படி மூன்று தடவை போனில் கேட்டாய். தேடிப் பார்க்கிறேன் என்று மூன்று தடவையும் சொன்னேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் கடிதம்.

கடலோரத்தில் மூடிக் கிடந்த ஆலையை இடிக்கும் வேலையில் மாப்பிள்ளை போன நவம்பரில் இருந்தார் அல்லவா? மேஸ்திரியிடம் பேசி என்னை உள்ளே விட வைத்தவர் அவர்தான். காமிரா ஸ்டாண்டைத் தண்ணீர்த் தொட்டி உச்சிவரை அவரே தோளில் தூக்கி வந்தார். காலையிலிருந்து சாயங்காலம்வரை அசையாமல் ஒரே இடத்திலிருந்து நாற்பத்தொரு படம் எடுத்தேன். அதோடு தம்பானூர் லாட்ஜ் மாடிகளையும் நம் தெருக் கிடங்குச் சுவர்களையும் கம்ப்யூட்டரில் ஒட்டி, ஊர் நடுவில் அந்தப் புகைபோக்கி நிற்பதுபோல ஒரே படமாக்கினேன்.

இத்தனை பேர் குறுக்கே நடக்கிறார்களே, எல்லாரும் படத்தில் விழுவார்களா என்று அவர் கேட்டார். பல படத்தைச் சேர்க்கும்போது நடக்கிறவர்கள் மறைந்துபோவார்கள், அசையாமல் நிற்பதுதான் விழும் என்று சொன்னேன். சும்மா தொழிலைப் பற்றிச் சொன்னதுதான்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால், இரண்டாம் மாடி உயரத்தில் இருக்கும் இரும்பு மேடையில் மாப்பிள்ளை நிற்கிறார். தீபாவளிக்கு நீ எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் பையில் கொண்டுவந்து மாற்றியிருந்தார். கையைக் காட்டவில்லை, சிரிக்கவில்லை. பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல இரண்டு கையையும் ஒட்டி வைத்துக்கொண்டு, அந்த வெயிலில் சாப்பாட்டு நேரம் முழுக்க நின்றார். ஏழு படத்தில் அவர் இருந்தார்.

சுஜா, அந்த ஏழிலும் இருந்தவரை நான் அழித்தேன். ஆள் இல்லாத நகரம் என்று படத்துக்குப் பெயர் வைத்திருந்தேன். அந்த நீலம் கண்ணை இழுக்கிறது என்று தோன்றியது. பத்து நிமிஷ வேலை.

பிப்ரவரியில் என் படக் கண்காட்சிக்கு நீங்கள் மூன்று பேரும் வந்தீர்கள். நீ பிரேமாவோடு டீ குடிக்கப் போயிருந்தாய். மாப்பிள்ளை படத்துக்கு வெகு பக்கத்தில் போய் மூலை மூலையாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"மச்சான், நான் எங்க நிக்கேன்?"

ஆள் இருந்தால் படம் கெட்டுப்போகும், எடுத்துவிட்டேன் என்றேன். யாரோ பெரிய மனிதர் கூப்பிட்டார், அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் திரும்பினேன். "செரிதான், கட்டடத்துக்குத்தான படம்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கும்போது ஸ்நேகாவைத் தூக்கி, படத்தில் ஒரு கறுப்புத் திட்டைக் காட்டி, அப்பா அங்கேதான் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை நம்பித்தான் அவள் இன்றைக்கும் "மாமன்றெ போட்டோவில அப்பா உண்டு" என்கிறாள். வீட்டுக்குப் போன பிறகும் அவர் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது நீ போனில் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஏப்ரலில் கழக்கூட்டம் ஊரில் கட்டட வேலையில் சாரம் சரிந்து அவர் நம்மை விட்டுப் போனபோது, அந்த நாற்பத்தொரு படமும் என்னிடம் இல்லை. கல்யாண ஆல்பம் வேலைக்கு இடம் போதவில்லை என்று மார்ச்சிலேயே அழித்துவிட்டேன். தம்பானூரில் பிரஜின் என்று ஒருவர் அழிந்ததை மீட்டுத் தருவார் என்றார்கள். மூன்று நாள் பார்த்தார். லாட்ஜ் மாடிகள் கிடைத்தன. மேடை கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்நேகாவின் காதுகுத்துப் படத்திலிருந்து மாப்பிள்ளையை எடுத்து, நீலச் சட்டை போட்டு, அந்த மேடையில் நிறுத்தினேன். நிழல்கூடச் சரியாக விழுந்தது. நீயே பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டாய். பிரின்ட் போட்டு, உறையில் உன் விலாசம் எழுதி, தபாலாபீஸ் வாசல்வரை கொண்டுபோனேன். அந்தப் படத்தில் அவர் சிரிக்கிறார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை, சுஜா. எப்படி நின்றார் என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவரை ஒரு தடவை அழித்தது போதும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

உனக்கு அனுப்ப என்னிடம் படம் இல்லை. அவர் நின்றதை எழுத்தில் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான் முடிந்தது. ஸ்நேகாவிடம் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை நீயே முடிவு செய். அவள் என்னை மாமா என்று கூப்பிடாவிட்டாலும் அதில் தப்பில்லை.

மன்னித்துவிடு என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதே. வாய்க்கு வந்தபடி திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளை அன்றைக்குத் திட்டியிருந்தால்கூட நான் இவ்வளவு உடைந்திருக்க மாட்டேன்.

பிள்ளை நன்றாக இருக்கவேண்டும், நீ நன்றாக இருக்கவேண்டும்.

உன் அண்ணன்,
செல்வகணேஷ்