செருப்போடு நுழைந்த அறை

நவம்பர் 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். முழங்கால் வலி. பி.பி. மாத்திரை போட்டாயிற்று. திண்டிவனம் பஸ் நிலையத்தில் நின்று நின்று, நனைந்த குடையோடு பள்ளிக்கு. செவ்வாயும் வெள்ளியும் பக்கத்துக் கிராமத்தின் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். சம்பளம் இல்லை. அதனால் யாரும் என்னைக் கேள்வி கேட்பதும் இல்லை.

இன்றும் வராந்தாவில்தான் வகுப்பு. சாரலில் நோட்டுகளில் மை கலைகிறது. முதுகுக்குப் பின்னால் அவர்களுடைய அறை திறந்தே கிடக்கிறது. பெஞ்சு, மின்விசிறி, கரும்பலகை எல்லாம் உண்டு. யாரும் உள்ளே போவதில்லை.

ஆடி மாதம், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தேவிகா என்ற பெண்ணுக்கு அருள் வந்தது. அந்த அறைக்குள் ஓடி, “இது என் வூடு” என்றாளாம். மறுநாள் ஆசிரியர் மேடையில் மஞ்சள் துணி சுற்றிய கல் ஒன்று. வைத்தது யார் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் வகுப்பை வராந்தாவுக்கு மாற்றிவிட்டார். இப்போது காலைக் கூட்டமே அந்த வாசலைப் பார்த்துத்தான். தேவிகாவும் மற்றவர்களோடு வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். கேட்டால் ஒன்றும் நினைவில்லை என்கிறாள்.

இன்று கவனித்தவை:

– வாசலுக்கு நேரே ஓர் ஆள் நடந்துபோகும் அகலத்துக்கு இடம் விட்டு உட்காருகிறார்கள். நனைந்தாலும் அங்கே நகர்வதில்லை.

– கேள்வி கேட்டால், பதில் சொல்பவள் முதலில் அந்த வாசலைப் பார்க்கிறாள்.

– கௌசல்யா: “மிஸ், கொஞ்சம் மெதுவா பேசுங்க மிஸ்.” யாருக்காக என்றேன். குனிந்துகொண்டாள்.

கௌசல்யாவின் அப்பா ஏழுமலை, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அறையைப் பிள்ளைகளுக்கே திருப்பித் தர வேண்டும் என்று விழுப்புரம் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். அதிலிருந்து ஊரில் அவர் வண்டியில் யாரும் ஏறுவதில்லை. கேட்டருகே எனக்காகக் காத்திருந்தார்.

“பரிச்ச வந்துகினே இருக்குதும்மா. இதுங்க சளி புடிச்சிக்கினு, இருமிக்கினே படிக்குதுங்க. நீங்க ஒருத்தர் சாட்சி சொன்னா போதும். படிச்சவங்க, வயசானவங்க, உங்கள யாரு இன்னா கேட்டுடுவாங்க?”

‘வயசானவங்க’ தேவையற்ற சொல். வருகிறேன் என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

மழை விட்டது. கோர்ட் அனுப்பிய வழக்கறிஞர் ஆணையர் அறையைப் பார்வையிட வந்தார். சின்ன வயது. கறுப்புக் கோட்டு, நல்ல ஷூ. அது வகுப்பறையா, வழிபாட்டு இடமா என்று நேரில் பார்த்து அறிக்கை தருவது அவர் வேலை. தலைமையாசிரியர், எதிர்த்தரப்பு வக்கீல், ஊர்க்காரர்கள் சிலர், ஏழுமலை, நான்.

வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். ஆணையரும் குனிந்து ஷூ லேசை அவிழ்த்தார்.

“எதுக்குக் கழட்டறீங்க? கிளாஸ் ரூம்தானே இது?” என்றேன்.

ஒரு காலில் ஷூ, மறு காலில் வெறும் சாக்ஸ். அப்படியே நின்று என்னைப் பார்த்தார். “பழக்கம் மேடம்.” கழற்றியதைத் திரும்ப மாட்டவில்லை. மற்றதையும் கழற்றினார்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சிரிப்பு. “நான் ஒண்ணும் வாதாடவே வேணாம் போல சார். உங்க காலே வாதாடுது.”

உள்ளே கரும்பலகையில் ஆடி மாதத் தேதி அப்படியே. கீழே பாதியில் நின்ற கணக்கு. சாக்பீஸ் எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை. கல்லுக்குப் புது மஞ்சள் துணி. திறந்து கிடந்த அறை, பெஞ்சுகளில் தூசி இல்லை. யார் பெருக்குவது என்று ஆணையர் கேட்டார். “யாரும் உள்ள போறதே இல்லீங்களே சார்” என்றார் தலைமையாசிரியர். வெளியே அத்தனை பேர் நின்றும் ஒரு செருமல் இல்லை. தரை சில்லென்று இருந்தது. உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரை.

மாலை.

மேலே எழுதியதைத் திருத்துவதற்காகப் படித்தேன். தரை சில்லென்று இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

என் காலில் செருப்பு இல்லை. அந்தப் பையனைக் கேள்வி கேட்டுக்கொண்டே நானும் கழற்றியிருக்கிறேன். எந்த நேரத்தில் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. வெளியே வந்ததும் கௌசல்யா என் காலருகே செருப்பை எடுத்து வைத்தாள். அது மட்டும் ஞாபகம்.

கான்வென்ட்டில் ஷூ பாலிஷைப் பார்த்துவிட்டுத்தான் சிஸ்டர் வகுப்புக்குள் விடுவார். அன்று முதல் இந்த எழுபத்து மூன்று வயது வரை என் கால் என் பேச்சைக் கேட்டு வந்தது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 24, திங்கள்

விழுப்புரம். கோர்ட் வராந்தா முழுக்க ஈரம், பீடி நாற்றம். நம் தரப்பு வக்கீலிடம் செருப்பு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே, “அதைக் கேட்டா ஞாபகம் இல்லைன்னு சொல்லிடுங்கம்மா. உங்க வயசுக்கு யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.”

மறுபடியும் வயசு.

கூண்டில் ‘கடவுள் அறிய’ என்று சொல்லச் சொன்னார்கள். கடவுளை இந்த வழக்கில் இதற்கு மேலும் இழுக்க வேண்டாம், உளமார உறுதி சொல்கிறேன் என்றேன். நீதிபதி ஒரு பெண்மணி. தலையசைத்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் அதிகம் கேட்கவில்லை.

“உள்ள போனீங்களா?”

“போனேன்.”

“செருப்போடவா?”

“இல்லை.”

“யாராவது கழட்டச் சொன்னாங்களா?”

“இல்லை.”

“அவ்வளவுதாங்க.”

தட்டச்சுச் சத்தம் நின்றது. நீதிபதி மேசைக்கு அடியில் தன் காலைக் குனிந்து பார்த்தது போல இருந்தது. நான் தவறாகவும் பார்த்திருக்கலாம்.

உத்தரவு: கல்லை யாரும் அகற்றக் கூடாது. அறையைப் பூட்டவும் கூடாது. உள்ளே போகிறவர்களைத் தடுக்கவும் கூடாது. அடுத்த வாய்தா பொங்கலுக்குப் பிறகு.

வெளியே வந்ததும் ஏழுமலை என்னோடு பஸ் நிலையம் வரை நடந்தார். எனக்கு பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தார். வண்டி கிளம்பும்போது ஜன்னலருகே வந்து, “ஞாபகம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. தீர்ப்பு வர்றதுக்குள்ள எம் பொண்ணு பரிச்சயே முடிஞ்சி பூடும்.”

எனக்குப் பொய் சொல்ல வராது. 

நவம்பர் 25, செவ்வாய்

சாரல். உத்தரவு நகலை மறுபடி படித்தேன். உள்ளே போகிறவர்களைத் தடுக்கக் கூடாது. எனவே போனேன்.

பக்கிள் வைத்த செருப்பு, வேண்டுமென்றே. தானாகக் கழன்றுவிடாது. வாசலில் ஒருமுறை, உள்ளே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன். இருந்தது.

பெண்கள் உள்ளே வரவில்லை. கரும்பலகையை அழித்தேன். எளிதில் போகவில்லை, ஈரத்துணி வைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. இன்றைய தேதி எழுதினேன். உள்ளே நின்று வராந்தாவைப் பார்த்துப் பாடம். கல் என் இடப்பக்கம். ஒன்றும் நடக்கவில்லை. நெஞ்சு படபடத்தது, காலையில் சரியாகச் சாப்பிடாததால் இருக்கும்.

முடித்துவிட்டு, “பார்த்தீங்களா? எனக்கு என்ன ஆச்சு?” என்றேன்.

நோட்டுகளை மூடி வைத்தார்கள். தேவிகா மட்டும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒன்று: கேள்வி கேட்டால் இப்போது யாரும் வாசலைப் பார்ப்பதில்லை. என்னைத்தான் பார்க்கிறார்கள். முன்னேற்றம்.

நவம்பர் 27, வியாழன்

வெயில். போர்வைகள் துவைக்கப் போட்டது.

வீட்டு வேலை செய்யும் முனியம்மா பள்ளி இருக்கும் ஊர்க்காரி. எப்போதும் செருப்பைப் படியோரம் விடுகிறவள், இன்று தெருக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தாள். கேட்டால் சேறு என்கிறாள். சேறு எங்கே? காபி டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினாள்.

“என்னடி இது புதுசா?”

“ஒண்ணுமில்லீங்கம்மா.” ஆனால் அவளுக்கு வாய் நிற்காது. “ஊர்ல பேசிக்கிறாங்க. செருப்புக் காலோட உள்ள போய் நின்னாங்களாம், கல்லு கம்முனு இருந்துச்சாம். வேற யாரா இருந்தாலும் ரத்தம் கக்கியிருப்பாங்களாம். அது எறங்கி உங்களாண்ட வந்துடுச்சின்றாங்க.”

“நீ நம்பறியா?”

“நான் எங்கம்மா இதெல்லாம் நம்பறேன்?” என்று சிரித்தாள். என் நிழலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.

மதியம் முன்பின் தெரியாத ஒரு பெண், இடுப்பில் காய்ச்சல் குழந்தை. தலையில் கை வைத்தால் போதுமாம். ஆஸ்பத்திரிக்குப் போ என்று சத்தம் போட்டேன். கோபித்துக்கொள்ளவே இல்லை. வாசல் மண்ணைக் கொஞ்சம் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

பால்காரன் இன்று காசு வாங்க மாட்டேன் என்கிறான்.

நவம்பர் 28, வெள்ளி

நல்ல மழை. பஸ்ஸில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்த பிறகு பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பள்ளி வராந்தாவில் ஒருவரும் இல்லை. தண்ணீர் தேங்கி நின்றது. சுவரோரம் வரிசையாகச் செருப்புகள். பெண்கள் எல்லோரும் அறைக்குள். எல்லோரும் நின்றுகொண்டு.

கல் அதன் இடத்தில்தான். மஞ்சள் துணி அதில் இல்லை. என் நாற்காலிமேல் விரித்திருந்தது.

நான் கழற்றவில்லை. செருப்போடுதான் உள்ளே போனேன். ஒரே நேரத்தில் எல்லோரும் கை கூப்பினார்கள். பின்னால் தலைமையாசிரியர், வெறும் சாக்ஸோடு.

ஏழுமலை கதவோரம் கை கட்டி நின்றார். என்னருகே வந்து மெல்லிய குரலில், “நீங்க உக்காருன்னா உக்காந்துடுவாங்கம்மா. அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா மறுபடியும் மழையிலதான்.” அவர் நம்புகிறாரா, நம்புவது போல நிற்கிறாரா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

சொல்லத்தான் வாயெடுத்தேன். கூண்டில் உண்மை சொன்னவளுக்கு இங்கே சொல்ல என்ன தயக்கம்? கௌசல்யா இருமினாள். அடக்கப் பார்த்து, முடியாமல், கூப்பிய கையை எடுக்காமலே இருமினாள்.

மஞ்சள் துணியை மடித்து மேசைமேல் வைத்தேன்.

“உட்காருங்க” என்றேன்.

உட்கார்ந்தார்கள். பெஞ்சில் இல்லை. பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, தரையில்.